‘சரி சார்’ மட்டும் போதாது: கோட் ரிவ்யூ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரமணியில் தொடங்கி சோழிங்கநல்லூர் வரை, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் மூன்று அலுவலகங்களில் கோட் எழுதியும் பிறர் கோடைப் பார்த்தும் 14 வருடம் ஓடிவிட்டது. ஒருவர் எழுதிய கோடை (நிரலை) சேர்த்துக்கொள்ளும் முன் இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வதுதான் கோட் ரிவ்யூ. டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் வந்து கேட்பதில் டெக்னிக்கல் கேள்வி குறைவு. “அவர் ஏன் இப்படி எழுதினார்?”, “இதற்கு நான் என்ன பதில் போடுவது?” என்பதுதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரிவ்யூ என்று ஒன்று எதற்கு? எழுதியவர் மேல் நம்பிக்கை இல்லையா?

தன் எழுத்தில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பத்திரிகையில் கட்டுரை எழுதியவரே ப்ரூஃப் பார்ப்பதில்லை அல்லவா, அதே காரணம். ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-ல் இதை ஒரு முறையாகவே எழுதி வைத்தார்: சிலர் கூடி உட்கார்ந்து நிரலைப் படித்துப் பிழைகளைக் குறிப்பது. 2005-ல் நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் வந்தது, 2008-ல் அதை இணையத்தில் சேர்ந்து பயன்படுத்த கிட்ஹப் வந்தது. கூடி உட்கார்வது போய் கமெண்ட் பெட்டி வந்துவிட்டது. முகம் பார்த்துச் சொன்னதை இப்போது எழுதிச் சொல்கிறோம். சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது என்பது என் கட்சி.

முதல் பிஆரிலேயே (புல் ரிக்வெஸ்ட்: ‘என் கோடைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ரிவ்யூவுக்கு அனுப்புவது) 37 கமெண்ட். அழுகை வருகிறது. என்ன செய்வது?

எழுந்து டீ குடிக்கப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கமெண்ட் வந்த சூட்டில் தட்டும் பதில் கோடைப் பற்றியே இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஜெரால்ட் வைன்பெர்க் என்பவர் 1971-லேயே இதைக் கவனித்து, ஈகோ இல்லாமல் நிரல் எழுதுவது எப்படி என்று பேசியிருக்கிறார். எழுதியவன் தன் நிரலைத் தன் உடம்பின் ஒரு பகுதியாக நினைத்துவிடுகிறான், அதனால் அதில் பிழை இருப்பதையே அவனால் பார்க்க முடிவதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நமக்கு இன்னும் வலிக்கிறது.

திரும்பி வந்து, பதில் எதுவும் போடாமல் எல்லாவற்றையும் ஒருமுறை படியுங்கள். 37-ல் பாதி ஒரே விஷயமாக இருக்கும். ஒரு வேரியபிளின் பெயர் பிடிக்கவில்லை என்றால் அது வருகிற பன்னிரண்டு இடத்திலும் கமெண்ட் போடுகிற புண்ணியவான்கள் உண்டு. அதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஏழெட்டுதான். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள், புரியாததைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ள முடியாததைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஒன்று மட்டும் வேண்டாம்: பதில் எழுதாமல், பேச்சு முடிந்தது என்று கமெண்டை மூடும் ‘ரிசால்வ்’ பட்டனை அமுக்குவது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவதற்குச் சமம் அது.

கமெண்ட் கடுகடுவென்று இருக்கிறது. அவருக்கு என் மேல் கோபமா?

பெரும்பாலும் இல்லை. “வொய் டிட் யூ டூ திஸ்?” என்று ஒருவர் எழுதுகிறார். படிக்கும்போது போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல இருக்கிறது. அதே ஆள் கீழே டீக்கடையில் இதைக் கேட்டால் எப்படிக் கேட்பார்? “இத ஏன்ப்பா இப்படிப் போட்டிருக்க, ஏதாச்சும் காரணம் இருக்கா?” அந்த ‘ப்பா’வில்தான் கேள்வியின் கூர் மழுங்குகிறது. நம் பேச்சில் மரியாதையும் நெருக்கமும் சொல்லின் வாலில் இருக்கின்றன: பாருங்க, மாத்திடலாமா, இருக்கட்டுமே. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வால் அறுந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற ஆங்கிலம் கட்டளை போடத்தான் உதவும். “சேஞ்ச் திஸ்.” “நாட் நீடட்.” எழுதியவருக்கு அது சுருக்கம், படிப்பவருக்கு அறை.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கமெண்டை மனதுக்குள் தமிழாக்கி, எழுதியவர் குரலிலேயே ஒருமுறை படிப்பேன். பத்தில் எட்டு ஒன்றுமில்லாததாகிவிடும். மீதி இரண்டும் அப்படிப் படித்த பிறகும் கடுமையாகவே இருந்தால், அவர் சீட்டுக்குப் போய் “அந்தக் கமெண்ட் சரியாப் புரியல, கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கேட்பேன். நேரில் கேட்டால் யாரும் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை.

இதற்குத் தலைகீழான ஒன்றும் உண்டு. எங்கள் டீமில் யாராவது “கைண்ட்லி” என்று ஆரம்பித்தால் அவர் உண்மையிலேயே கொதித்துப்போயிருக்கிறார் என்று ஒரு கணக்கு. இதுவரை தப்பியதில்லை.

நான் ரிவ்யூ செய்யும் இடத்தில் இருக்கிறேன். மனம் நோகாமல் எழுதுவது எப்படி?

வாக்கியத்திலிருந்து ஆளை எடுத்துவிடுங்கள். “நீ எரர் ஹேண்டிலிங்கே பண்ணவில்லை” என்பதற்குப் பதிலாக, “நெட்வொர்க் அறுந்தால் இந்த ஃபங்ஷன் காலி லிஸ்ட்டைத் திருப்பும். டேட்டாவே இல்லையா, எடுக்க முடியவில்லையா என்று கூப்பிட்ட இடத்தில் தெரியாது. எக்செப்ஷன் போடலாமா?” என்று எழுதலாம். நீளம்தான். ஆனால் என்ன உடையும், ஏன் உடையும், என்ன செய்யலாம் மூன்றும் அதில் வந்துவிட்டன. இப்படி எழுத முடியவில்லை என்றால் பல சமயம் நமக்கே காரணம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். பாதியில் நான் அழித்துவிட்ட கமெண்ட்கள் நிறைய.

அடுத்தது, எது கட்டாயம், எது உங்கள் விருப்பம் என்று பிரித்துக் காட்டுவது. சின்ன விஷயம் என்றால் முன்னால் ‘நிட்’ என்று போடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? தலையில் பேன் இடும் முட்டை, நம் ‘ஈர்’. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னதுதான் அந்த லேபிளின் வேலையும். ‘நிட்’ போட்ட கமெண்டுக்காக மெர்ஜை (கோடைச் சேர்ப்பதை) நிறுத்தி வைத்தால் ஈர் பெருமாளாகிவிட்டது என்று பொருள்.

கூகுள் தன் ரிவ்யூ வழிகாட்டியைப் பொதுவில் போட்டிருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது இது: கோட் குறையே இல்லாமல் இருக்க வேண்டும் என்று காத்திருக்காதே, மொத்த நிரலின் நலத்தை அது நிச்சயமாக மேம்படுத்துகிறது என்றால் அப்ரூவ் பண்ணிவிடு. நான் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்பது மாற்றச் சொல்லக் காரணமாகாது.

பாராட்டு? நிஜமாக நன்றாக இருந்தால் சொல்லுங்கள். திட்டுவதற்கு முன்னால் தடவிக்கொடுக்கும் பாராட்டை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் “நைஸ் வொர்க்” என்று எழுதினாலே வயிறு கலங்கும்.

ஸ்பேஸா, டேபா, பிரேஸ் எந்த வரியில் என்று தினமும் தகராறு.

கோடின் தோற்றத்தைத் தானே ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரிடம் விட்டுவிடுங்கள். கோ மொழி வரும்போதே அதற்கான ஃபார்மேட்டரோடு வந்தது, அங்கே இந்தச் சண்டையே இல்லை. மெஷின் திருத்தினால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை. ஆனால் ஸ்டைல் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதீர்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு பிழையைச் சரி செய்தது. ‘கோட்டூ ஃபெயில்’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு தடவை வந்திருந்தது, ‘இஃப்’ நிபந்தனைக்கு பிரேஸ் (அடைப்புக்குறி) இல்லாததால் இரண்டாவது வரி நிபந்தனை பார்க்காமலே ஓடியது. அதனால் பாதுகாப்பு இணைப்பைச் சரிபார்க்கும் வேலையே பாதியில் நின்றுபோனது. பிரேஸ் கட்டாயம் என்ற விதி இருந்திருந்தால் அந்த இரண்டாவது வரியால் இவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

டீம் லீட் சொல்வது தப்பு என்று எனக்குத் தெரிகிறது. எப்படிச் சொல்வது?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆர்டர்கள் க்யூ வழியாக வரும். ஒரே மெசேஜ் இரண்டு தடவை வந்தால் இரண்டாவதைத் தள்ளிவிட ஒரு செக் எழுதியிருந்தேன். என் லீட் அதைப் பார்த்துவிட்டு, “இது தேவையில்லை, எடுத்துவிடு” என்று கமெண்ட் போட்டார். தேவை என்று எனக்குத் தெரியும். டெஸ்ட் சர்வரில் அப்படி இரண்டு தடவை வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தேன். இருந்தும் “சரி சார்” என்று எழுதி எடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆர்டர்கள் இரட்டை இரட்டையாக விழுந்தன. சனிக்கிழமை முழுக்க ஆறு பேர் உட்கார்ந்து கையால் நீக்கினோம். மதியம் பார்சல் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லீட் என்னிடம் கேட்டார்: “உனக்கு முன்னாடியே தெரியுமா?” தெரியும் என்றேன். “அப்ப ஏன் சொல்லல?” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மரியாதை என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு: உடைந்தால் உன் தலையில் விடியட்டும், நான் ஏன் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? இதுவும் ஈகோதான். கத்துகிறவனின் ஈகோ எல்லோர் கண்ணிலும் படுகிறது, தலையாட்டுகிறவனின் ஈகோவுக்குப் பணிவு என்று நல்ல பெயர். சென்னை அலுவலகங்களில் நான் பார்த்தவரை கத்திக் கெட்ட ரிலீஸைவிட “சரி சார்” சொல்லிக் கெட்ட ரிலீஸ் அதிகம்.

சரி, எப்படிச் சொல்வது? வாதத்தை எடுத்துப் போகாதீர்கள், டெஸ்ட்டை எடுத்துப் போங்கள். “சார், ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வந்தா என்ன ஆகுதுன்னு ஒரு டெஸ்ட் எழுதினேன், ஃபெயில் ஆகுது. ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?” டெஸ்ட்டுக்கு டெசிக்னேஷன் கிடையாது, அதனால் சீனியர் அதனிடம் தோற்பதில் அவமானம் இல்லை. ஸ்டாண்டப்பில் (தினசரி டீம் மீட்டிங்கில்) பத்து பேர் நடுவில் வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் அவர் சொன்னபடி செய்யுங்கள். ஆனால் பிஆரில் ஒரு வரி இருக்கட்டும்: “மெசேஜ் இரண்டு தடவை வந்தால் ஆர்டர் இரண்டு விழும், பேசினோம், இப்போதைக்கு விடுகிறோம்.” குத்தல் இல்லாமல், இவ்வளவே. பிறகு “நான் அப்பவே சொன்னேன்” என்று எடுத்துக் காட்டுவதற்காக அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடப்போகும் யாரோ ஒருவருக்காக.

ஃப்ரெஷர் போய் சீனியர் கோடை ரிவ்யூ செய்யலாமா?

செய்யலாம். 2014 ஏப்ரலில் வெளியே வந்த ஹார்ட்பிளீட் பிழை நினைவிருக்கும். இணைய இணைப்புகளைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அந்தக் கோட் சேர்ந்தது 2011 டிசம்பர் 31-ல். எதிர்ப்பக்கம் சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பியது, அதனால் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தில் இருந்ததை வெளியே கொடுத்தது. விவரம் தெரிந்த ஒருவர் எழுதினார், அனுபவமுள்ள இன்னொருவர் ரிவ்யூ செய்தார். இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை, இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

“இந்த நம்பர் எங்கிருந்து வருது அண்ணா?” என்று கேட்க பெரிய அனுபவம் வேண்டாம். ஃப்ரெஷர் குறை சொல்ல வேண்டியதில்லை, புரியாததைக் கேட்டால் போதும். பதில் சொல்ல முடியாமல் சீனியர் ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே ஏதோ இருக்கிறது.

ஒருவர் எதை அனுப்பினாலும் குறை சொல்கிறார். என்ன செய்ய?

பழைய கதை ஒன்று உண்டு. பிழையாகப் பாடுகிற புலவனைப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம், வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம், ஒட்டக்கூத்தர் தலையையே வெட்டுவாராம். மூன்று பேரையும் ஓஎம்ஆரில் பார்த்திருக்கிறேன்.

குட்டுகிறவர் ஆபத்தில்லாதவர். எழுத்துப்பிழை, காலி வரி என்று நாற்பது குட்டு வைப்பார். லின்ட் (இந்தச் சின்னப் பிழைகளைத் தானே பிடிக்கும் கருவி) போட்டுவிட்டால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும். காதை அறுப்பவர் கமெண்டில் சும்மா இருந்துவிட்டு ஸ்டாண்டப்பிலோ குரூப் சாட்டிலோ எல்லோர் முன்னாலும் எடுப்பார். அவரிடம் தனியாகப் போய், “பிஆரிலேயே எழுதிடுங்க, நான் உடனே பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேண்டியது தன் கருத்துக்கு ஒரு சபை. பிஆரும் சபைதான் என்று புரிந்தால் பல பேர் அடங்குவார்கள். அடங்காதவர் விஷயத்தை மேனேஜரிடம் கொண்டுபோவதில் தப்பில்லை. தலையை வெட்டுபவர் நீங்கள் நாலு நாள் எழுதியதைப் பார்த்து “இந்த அப்ரோச்சே தப்பு, திரும்ப எழுது” என்பார். பல சமயம் அவர் சொல்வது சரியாக வேறு இருக்கும், அதுதான் கொடுமை. எழுதுவதற்கு முன்பே, அரைப் பக்கத்தில் இப்படிச் செய்யப்போகிறேன் என்று எழுதி அவரிடம் காட்டிவிடுங்கள். அரைப் பக்கத்தை வெட்டினால் வலிக்காது.

வில்லிபுத்தூரார் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அருணகிரிநாதரின் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாமல் அவரே தோற்றாராம். அருணகிரிநாதர் அவர் காதை விட்டுவிட்டார்.

பிஆர் எவ்வளவு பெரியதாக இருக்கலாம்?

சிஸ்கோவில் ஒரு டீமின் ரிவ்யூக்களை வைத்துச் செய்த ஆய்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் போனால் பிழையைக் கண்டுபிடிக்கும் திறன் இறங்கிவிடுகிறது என்று வந்தது. அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. 50 வரி அனுப்பினால் 20 கமெண்ட் வரும். 2,000 வரி அனுப்பினால் “லுக்ஸ் குட்” என்று ஒரே கமெண்ட் வரும்.

கிளையண்ட் அமெரிக்காவில். ஒரு கமெண்டுக்கு ஒரு நாள் போகிறது. இதில் தப்பாக வேறு புரிந்துகொள்கிறார்கள்.

நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசம், கலிஃபோர்னியாவுக்கு இன்னும் மூன்று மணி கூட. அதனால் அரைகுறைப் பதில் ஒன்று போட்டால் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். “ஏன் இப்படி?” என்ற கேள்விக்குப் பதிலோடு நிறுத்தாமல், அடுத்து என்ன கேட்பார்கள் என்று யோசித்து அதற்கும் சேர்த்து எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். முடியாது என்பதை முடியாது என்றே எழுதுங்கள். “வில் ட்ரை” என்று நாம் எழுதினால் நமக்கு அது ‘வாய்ப்பில்லை’, அவர்களுக்கு ‘நாளைக்கு வந்துவிடும்’. இந்த ஒரு வார்த்தையால் நடந்த எஸ்கலேஷன்களை எண்ணினால் ஓஎம்ஆர் டிராஃபிக் நீளத்துக்கு வரும்.

பேசிப் பேசி முடிவே வரவில்லை.

ஒரு கமெண்டுக்குக் கீழே மூன்று பதிலுக்கு மேல் போய்விட்டால் தட்டுவதை நிறுத்துங்கள். எழுந்து போங்கள், வீட்டிலிருந்து வேலை என்றால் கால் போடுங்கள். பத்து நிமிடத்தில் முடியும். முடியவில்லை என்றால் இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் ஒருவர் சொல்வதை ஏற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். டீக்கடையில் எடுத்த முடிவைத் திரும்பி வந்து பிஆரில் எழுதிவிட வேண்டும். ஹைதராபாத்திலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ டீமில் இருப்பவர் அந்த டீயைக் குடிக்கவில்லை, முடிவு எப்படி வந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

ரிவ்யூ கமெண்ட் எண்ணிக்கையை அப்ரைசலில் பார்க்கிறார்கள். சரியா?

சரியில்லை. ரிவ்யூவில் கிடைத்த பிழைகளை வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்று ஃபேகனே அன்று எழுதியிருக்கிறார். எண்ண ஆரம்பித்தால் நண்பர்கள் ஒருவர் கோடை ஒருவர் தொடமாட்டார்கள், பிடிக்காதவர்கள் விடமாட்டார்கள்.

ஏஐ எழுதிக் கொடுத்த கோடுக்கு வந்த கமெண்டை எப்படி எடுத்துக்கொள்வது?

பிஆரில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கோட் அது. இதில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது: ஏஐ எழுதியதைக் குறை சொன்னால் இளசுகளுக்குக் கோபமே வருவதில்லை. நல்லதாயிற்றே என்று முதலில் நினைத்தேன். கோபம் வராததற்குக் காரணம் அவர்கள் அதைப் படிக்கவே இல்லை என்பது. “இது ஏன் இங்கே இருக்கு?” என்றால் “எடுத்துடவா ப்ரோ?” என்று பதில் வருகிறது. கொஞ்சம் ரோஷம் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

நான்தான் கடுமையாக எழுதிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வருடக்கணக்காகப் பிறர் கோடைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியவர். 2018 செப்டம்பரில் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் வேலையிலிருந்தும் ஒதுங்கினார். திட்டியது எங்கேயோ மன்னிப்பும் அங்கேயே என்பதுதான் அதில் நான் எடுத்துக்கொண்டது. பிஆரில் எல்லோரும் பார்க்கத் திட்டிவிட்டுச் சாட்டில் ரகசியமாக “சாரிப்பா” என்றால் கணக்கு நேராகாது.

போன வருடம் ஒரு பெண்ணின் பிஆரில், “இதை டெஸ்ட் பண்ணாமலே அனுப்பியிருக்கிறீர்களா?” என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேறு எரிச்சல். பெருங்குடியில் முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை, ஆனால் அதற்கு அவர் என்ன செய்வார்? மறுநாள் காலை அதே கமெண்டுக்குக் கீழே எழுதினேன்: “நேற்று நான் எழுதிய விதம் தப்பு, மன்னிக்கவும். நான் கேட்க நினைத்தது: காலி ஃபைல் வந்தால் என்ன ஆகும்?” மதியம் பதில் வந்திருந்தது. “பரவாயில்லைங்க” என்று ஒரு வரி, கீழே காலி ஃபைலுக்கு இரண்டு டெஸ்ட். இரண்டாவது ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது, தப்பு போன மாதம் நான் எழுதிய ஃபங்ஷனில்.